அலுமாரிக்கு மேலே ஒரு பை

பாலாவியில் உப்பளத்துக்குப் போகும் பாதையோரத்தில் ஜுமானாவின் வீடு. லொறி ஒன்று போனால் போதும், வீட்டுக்குள் தூசி வந்து படியும். அதற்காக அவள் ஒருநாளும் அலுத்துக்கொண்டதில்லை. துடைக்கக் கையையும் அல்லாஹ் தந்திருக்கிறானே என்பாள். இப்போது அந்தக் கைகளோடு ஏழு வயது மகள் ஸம்ஹாவின் கைகளும் நாலு வயது மகன் றிஸ்மினின் கைகளும் சேர்ந்திருந்தன.

அவள் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தது கொஞ்சம்தான். எடுத்ததை எடுத்த இடத்தில் வைக்க வேண்டும். குப்பையை வாளிக்குள் போட வேண்டும். குர்ஆன் ஓதுகிற அரபு எழுத்துள்ள கடதாசி மட்டும் காலடியிலும் கிடக்கக்கூடாது, குப்பையிலும் விழக்கூடாது, உயரத்தில் வைக்க வேண்டும். அடிப்பதும் இல்லை, பிள்ளைகள் விட்ட வேலையைத் தானே செய்து முடிப்பதும் இல்லை.

கணவனின் மூத்த சகோதரி சாரா உம்மாவுக்கு இது சரிப்படவில்லை. ஈர்க்கில் எடுக்காமல் எந்தப் பிள்ளை படிந்தது என்று கேட்பாள். வெள்ளிக்கிழமை அஸர் தொழுகைக்குப் பிறகு பெண்களுக்கான பயான், மார்க்கச் சொற்பொழிவு, ஜுமானாவின் வீட்டில் என்று முடிவானதும், பிள்ளைகள் ஒதுக்கித் துப்புரவாக்கிய வீட்டை நானும் பார்க்கத்தானே போகிறேன் என்று எல்லோர் முன்னாலும் சிரித்தாள்.

“வாங்க மதினி. புள்ளைகள்தான் ஒதுக்கும். நான் கை வைக்க மாட்டன்” என்றாள் ஜுமானா.

வெள்ளிக்கிழமை பகல் எல்லாம் ஒழுங்காகவே நடந்தது. ஸம்ஹா உடுப்புகளை மடித்து வைத்துக் கூட்டினாள். றிஸ்மின் செருப்புகளைச் சோடி சோடியாக அடுக்கினான். ஒரு சோடி மட்டும் இடம் வலம் மாறியிருந்தது. ஜுமானா அதைப் பார்த்தும் தொடவில்லை. பாயை விரித்தபோதுதான் எறும்புச் சாரி கண்ணில் பட்டது. அது பாயைக் கடந்து, சுவரில் ஏறி, அலுமாரிக்கு மேலே போய் மறைந்தது.

கதிரை போட்டு ஏறிப் பார்த்தாள். அங்கே ஒரு பை. இறக்கி அவிழ்த்தால் பிஸ்கட் உறை, டொபி உறை, முறுக்குப் பக்கற் என்று நூறு இருக்கும். தூள் முழுக்க எறும்பு.

அந்த நேரம் பார்த்துத்தான் சாரா உம்மா வாசலில் வந்து நின்றாள்.

“சென்னேன்தானே. குப்பைய எல்லாரும் வாளியில போடுவாங்க. உன்ட புள்ள தலைக்கு மேல ஏத்தி வெச்சிருக்கு.”

ஜுமானாவுக்கு முகம் சுட்டது. இத்தனை மாதம் பொறுமையாகச் சொல்லிக்கொடுத்ததெல்லாம் இந்தப் பைக்குள்தான் போயிற்றா? கோபத்தை விழுங்கிக்கொண்டு, ஏன் வாளிக்குள் போடவில்லை என்று மகளிடம் கேட்டாள்.

ஸம்ஹா ஓர் உறையை எடுத்து உள்ளங்கையில் வைத்து நீவினாள். மூலையில் அரபு எழுத்தோடு இருந்த சின்ன ஹலால் முத்திரையில் விரலை வைத்தாள்.

“ஓதுற எழுத்து உம்மா. குப்பையில போடப்படாதுண்டு நீங்கதானே சென்ன. கதிரையில ஏறி உசரத்திலதான் வெச்சன்.”

சாரா உம்மாவின் சிரிப்பு நின்றுவிட்டது. ஜுமானா மகளின் தலையைத் தடவினாள். இது நாம் ஓதுவது இல்லை, இதைச் சாப்பிடலாம் என்று சொல்கிற அடையாளம்தான் என்று விளங்கப்படுத்தினாள். ஆனாலும் மகள் செய்த மரியாதையை அல்லாஹ் கண்டிருப்பான் என்றாள். மனம் கேட்காவிட்டால் அந்த எழுத்தை மட்டும் வெட்டி வைத்துக்கொண்டு மற்றதைப் போடலாமே என்று கத்தரிக்கோலையும் வெறும் பால்மா டின்னையும் கொடுத்தாள்.

ஸம்ஹா வெட்டினாள். றிஸ்மின் தூளை முற்றத்தில் உதறி, மிச்சத்தை வாளிக்குக் கொண்டு ஓடினான். பை பாதிகூட வற்றவில்லை. அஸர் பாங்குக்கு அரை மணித்தியாலம்தான் இருந்தது. சொன்ன சொல்லுக்காக ஜுமானா கைகளை மடியில் வைத்தபடி பார்த்துக்கொண்டிருந்தாள். அவசரப்படுத்தவும் இல்லை.

சாரா உம்மா முக்காட்டை இழுத்துச் செருகிக்கொண்டு தரையில் குந்தினாள்.

“இன்னொரு கத்தரிக்கோல் ஈக்கா?”

ஜுமானா அவளை வியப்போடு பார்த்தாள்.

“கை வைக்க மாட்டன் எண்டு சென்னது நீதானே. நான் அப்பிடிச் செல்லல்லியே.”

பாங்கு சொன்னபோது பாய் சுத்தமாக இருந்தது. பயான் முடிந்து தேத்தண்ணி வந்ததும் பிஸ்கட் பக்கற்றை உடைக்கச் சொல்லிச் சாரா உம்மாவிடம்தான் கொடுத்தார்கள். அவள் வழக்கம்போல இழுத்துக் கிழிக்கப் போனாள். எதிரே ஸம்ஹா கண் இமைக்காமல் உட்கார்ந்திருந்தாள். சாரா உம்மா பக்கற்றைத் திருப்பி முத்திரையைத் தேடிப் பார்த்து, மற்றப் பக்கத்தால் மெதுவாகப் பிரித்தாள்.