ஆயுத பூசைப் படம்

அந்தப் படத்தை நான் எடுத்திருக்கக் கூடாது. எடுத்தாலும் அனுப்பியிருக்கக் கூடாது. இப்போது எவ்வளவு தெளிவாகச் சொல்கிறேன் பாருங்கள்! எனக்குப் புத்தி எப்போதும் அடுத்த ரயிலில்தான் வந்து சேரும்.

படத்தில் குணசேகரம் அண்ணை வேட்டியோடு நிற்கிறார். நெற்றி நிறையத் திருநீறு. அவருக்கு முன்னால் சாமி மேசை. சரஸ்வதி படத்துக்குக் கீழே உளி, அரம், மரம் அறுக்கிற வாள், அவர் மனைவி மனோகரி அக்காவின் தையல் மெஷின் எல்லாம் இருக்க, நடுவில் ஒரு துவக்கு, நீளத் துப்பாக்கி. அதற்குச் சந்தனம் குங்குமம் வைத்து, மாலையும் போட்டிருக்கிறது. அண்ணை கண்ணை மூடிக் கைகூப்பியிருக்கிறார். பார்க்கிற எவரும் அது அவருடைய துவக்கு என்றுதான் சொல்வார்கள்.

துவக்கு என்னுடையது.

நானும் அவரும் சுவிஸில், லா ஷோ-து-ஃபோன் என்ற ஊரில், ஒரே தொழிற்சாலையில் கைக்கடிகாரக் கூடுகளைப் பொலிஷ் பண்ணுகிறவர்கள். அவர் என்னைவிடப் பன்னிரண்டு வயது மூத்தவர். எனக்கு அந்த வேலையை எடுத்துத் தந்தவரும் அவர்தான். பக்கத்து இருக்கையில் வேலை செய்யும் சுவிஸ்காரர் ஒருவர் ஞாயிற்றுக்கிழமை காலையில் என்னைச் சுடும் கழகத்துக்குக் கூட்டிக்கொண்டு போனார். முந்நூறு மீற்றருக்கு அப்பால் ஒரு வட்டம், காதுக்கு மூடி, மூச்சைப் பிடித்துக்கொண்டு படுத்திருக்க வேண்டியதுதான். எனக்கு அது பிடித்துப்போய்விட்டது. கழகத்தில் சேர்ந்து ஆறாம் மாதம் பழைய இராணுவத் துவக்கு ஒன்றை வாங்கினேன். இங்கே அதை 'முஸ்கெத்தோன்' என்பார்கள். தோளில் அணைக்கிற மரக்கட்டை நெடுகலும் வெடித்துப்போன துவக்கு அது.

"துவக்குக்குப் பயந்து ஓடி வந்த ஆள் துவக்கு வாங்குறார்," என்றாள் என் மனைவி ஜெனனி. "உது இந்த வீட்டு வாசல்படி மிதிக்கப்படாது."

ஜெனனி ஒன்றைச் சொன்னால் சொன்னதுதான். ஆகவே துவக்கு குணசேகரம் அண்ணை வீட்டுக்குப் போனது. அவருடைய மாடிக் கட்டடத்தின் நிலவறையில் எல்லாக் குடித்தனங்களுக்கும் ஒவ்வொரு அறை உண்டு. மற்றவர்கள் அதில் பனிச்சறுக்குக் கட்டைகளையும் உருளைக்கிழங்கையும் போட்டு வைத்திருக்க, அண்ணை மேசையும் மரத்தை இறுக்கிப் பிடிக்கிற பிடிச்சிராவியும் பூட்டி ஒரு பட்டறையே வைத்திருந்தார். உடைந்த கதிரை, கோயில் வாகனத்தின் கால், எது கொடுத்தாலும் மரவேலை செய்து தருவார்.

துவக்கை மேசையில் வைத்ததும் அவர் அதைத் தொடவில்லை. கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு சுற்றிச் சுற்றிப் பார்த்தார். பிறகு என்னைக் கேட்டார்.

"விஜி, இது இஞ்சை இருக்கிறதாலை பிரச்சினை ஒண்டும் வராதே? என்ரை சிற்றிசன் அலுவல் நடக்குதெல்லோ."

"ஒரு பிரச்சினையுமில்லை அண்ணை. நான் எல்லாம் விசாரிச்சிட்டன்."

நான் விசாரிக்கவில்லை. விசாரிக்கத் தேவையும் இருக்கவில்லை, ஏனென்றால் எனக்கு ஏற்கெனவே தெரியும். துவக்கு வாங்கும்போது நிரப்பின படிவத்தில் சில நாடுகளின் பெயர் இருந்தது. அந்த நாடுகளின் குடியுரிமை மட்டும் உள்ளவர்கள் இங்கே துவக்கு வாங்கவோ வைத்திருக்கவோ கூடாது. அதில் இலங்கையும் ஒன்று. பட்டியலை வாசித்தபோது எனக்கு உள்ளுக்குள் ஒரு சின்னப் பெருமைகூட வந்தது. நான் பதினொரு வருடமாகச் சுவிஸ் பாஸ்போட்காரன், அந்தப் பட்டியலில் நான் இல்லை. அண்ணை இருக்கிறார் என்று அப்போது நினைத்தேனா? நினைத்தேன். சொன்னால் வேலையைத் தொடவே மாட்டார் என்றும் நினைத்தேன். அதனால்தான் சொல்லவில்லை.

அவருடைய சிற்றிசன் அலுவலைப் பற்றிச் சொல்லவேண்டும். அண்ணை அகதியாக ஏற்றுக்கொள்ளப்பட்டவர். அவர் கையில் இருக்கிற பயணப் பத்திரத்தோடு எத்தனையோ நாட்டுக்குப் போகலாம், இலங்கைக்கு மட்டும் போகமுடியாது. நெல்லியடியில் அவருக்கு ஒரேயொரு அக்கா, தில்லைநாயகி. தாய் செத்தபின் அண்ணையைத் தூக்கி வளர்த்தவர். கலியாணம் செய்யாமலே இருந்துவிட்டார். எழுபத்தொரு வயது, இருதயம் சரியில்லை. இருபத்தாறு வருடமாக இருவரும் ஒருவரையொருவர் போனில்தான் பார்க்கிறார்கள். அக்காவுக்கு ஒரே ஆசை, தன் தம்பி வந்து தனக்குக் கொள்ளி வைக்கவேண்டும். அவர் அதை வேறு எதையும் போலச் சாதாரணமாகத்தான் கேட்பார், "எப்ப வாறாய், நான் போறதுக்கு முந்தி வந்திடு," என்று.

சுவிஸ் பாஸ்போட் கிடைத்தால் போகலாம். முதல் தடவை பிரெஞ்சுப் பரீட்சையில் தவறினார். இரண்டாம் தடவை தொழிற்சாலை ஆட்களைக் குறைத்ததில் வேலை போய், விண்ணப்பம் நின்றது. இது மூன்றாம் தடவை. பரீட்சையிலும் தேறிவிட்டார், வேலையும் இருக்கிறது, நகரசபையின் கடைசி நேர்முகம் மட்டும்தான் மிச்சம். அடுத்த வருடம் ஆவணியில் வருவேன் என்று அக்காவுக்குச் சொல்லியும் விட்டார்.

இவ்வளவும் எனக்குத் தெரியும்.

தை மாதம் தொடங்கினோம். நிலக்ஷன் என்று ஒரு பெடியன், பெடியன் என்றாலும் இருபத்தொன்பது வயது, மெஷின் கம்பனியில் வேலை, நொஷாத்தெலில் இருந்து சனிக்கிழமைகளில் ரயிலேறி வருவான். இங்கேயே பிறந்து, இராணுவ சேவையும் முடித்தவன். துவக்கைக் கழற்றிப் பூட்டுவது அவன் பொறுப்பு. பிறந்ததே சுவிஸ்காரனாகப் பிறந்ததால் அப்படி ஒரு பட்டியல் இருப்பதே அவனுக்குத் தெரியாது. அண்ணை வால்நட் பலகை ஒன்றைத் தேடி எடுத்து, பழைய கட்டையை அளந்து, புதிதாகச் செதுக்கினார். என் வேலை? சாண்ட்பேப்பர் போடுவது, தேத்தண்ணி வாங்கி வருவது, வாய் காட்டுவது.

"விஜி தேய்ச்சால் மரம் தேயாது, நேரம்தான் தேயும்," என்பார் அண்ணை.

என் கன்னம் படும் இடத்தை அவர் மூன்று தடவை செதுக்கினார். என்னைப் படுக்கவைத்து, கட்டையை அணைக்கச் சொல்லி, பென்சிலால் குறித்து, மறுபடி உளி பிடிப்பார். என் முகத்துக்கு ஏற்றமாதிரி உலகத்தில் ஒரு பொருளை யாரும் அதுவரை செய்து தந்ததில்லை. எண்ணெய் பூசிக் காயவிட்டு, மறுபடி பூசி, அப்படி ஒன்பது பூச்சு. அந்தச் சனிக்கிழமைகளில்போல் மூன்று பேர் ஒன்றாக இருந்து சிரித்தது என் வாழ்க்கையில் அதிகமில்லை, அதை நானே கெடுத்தேன்.

ஐப்பசியில் வேலை முடிந்தது. நவராத்திரி நடந்துகொண்டிருந்தது. ஆயுத பூசைக்கு உளிகளை மேலே சாமி மேசைக்குக் கொண்டு போகும்போது, "இதையும் வைப்பம் அண்ணை, உங்கடை கைவேலை," என்று சொன்னது நான்தான். மனோகரி அக்காவுக்கு அவ்வளவு விருப்பமில்லை. சாமிக்கு முன்னால் துவக்கா என்று முகத்தைச் சுளித்தார். "மரத்துக்குத்தானேயப்பா பூசை," என்று அண்ணை சமாளித்தார். கடலையும் அவலும் சாப்பிட்டோம். படம் எடுத்தேன். அன்றே கழகத்தின் வாட்ஸ்அப் குழுவுக்கு அனுப்பினேன். 'என் துவக்குக்குக் கட்டை செய்த மேஸ்திரி இவர்தான்' என்று முழுப்பெயரோடு எழுதினேன். அவருக்குப் புகழ் சேரட்டும் என்ற எண்ணம்தான், சத்தியமாக. கழகத்துச் சுவிஸ்காரர்களுக்குப் படம் நன்றாகப் பிடித்துவிட்டது. ஆயுதத்துக்கு மாலை போட்டு வணங்குவதை அவர்கள் எங்கே கண்டார்கள்? என்னைக் கேட்டு, கழகத்தின் இணையப் பக்கத்திலும் போட்டார்கள். நானும் தாராளமாகச் சம்மதித்தேன்.

நேர்முகத்துக்கு முன்னால் அதிகாரிகள் விண்ணப்பக்காரரின் பெயரைத் தேடிப் பார்ப்பார்கள் என்பது எனக்குத் தோன்றவில்லை. தேடினார்கள். முதலில் வந்தது அந்தப் படம்.

கார்த்திகையில் ஒரு சனிக்கிழமை காலை, சாதாரண உடுப்பில் இரண்டு பொலிஸ்காரர்கள் அண்ணை வீட்டு மணியை அடித்தார்கள். மரியாதையாகவே பேசினார்கள் என்று மனோகரி அக்கா சொன்னார். துவக்கு அப்போதும் அங்கேதான் இருந்தது, ஏனென்றால் ஜெனனியோடு சண்டை பிடிக்க எனக்குச் சோம்பல். அதை ஒரு நீலப் போர்வையில் சுற்றி எடுத்துப் போனார்கள்.

இரண்டு நாள் கழித்து என்னைக் கூப்பிட்டார்கள். ஒரு பெண் அதிகாரி, என் வயது இருக்கும், நிதானமாகக் கேட்டார். துவக்கு என்னுடையது என்பதற்குப் பத்திரம் இருந்தது, அதில் குழப்பமில்லை. பிறகு கேட்டார்:

"இதைத் தன் வீட்டில் வைத்திருப்பதில் பிரச்சினை உண்டா என்று திரு குணசேகரம் உங்களைக் கேட்டதாகச் சொல்கிறார். விசாரித்துவிட்டேன், பிரச்சினையில்லை என்று நீங்கள் சொன்னீர்களாம். அப்படி நடந்ததா?"

அந்த மாதம் என்னைப் பிரிவுத் தலைவராக்கும் பேச்சு தொழிற்சாலையில் நடந்துகொண்டிருந்தது. ஓம் என்றால், தெரிந்தே தடுக்கப்பட்டவரிடம் துவக்கைக் கொடுத்தவன் ஆவேன். என் பெயரில் வழக்கு வரும். தலைக்குள் இவ்வளவும் ஓட, வாய் தானாகச் சொன்னது.

"ஞாபகமில்லை."

அவர் எழுதிக்கொண்டார். நான் கையெழுத்து வைத்தேன்.

எனக்குக் கவனக்குறைவு என்று ஒரு கண்டிப்போடு முடிந்தது. அண்ணைக்குத் தை மாதம் தண்டனைக் கடிதம் வந்தது. தடைசெய்யப்பட்ட ஒருவர் பத்து மாதம் ஆயுதத்தை வைத்திருந்தது பெரிய குற்றமாகிவிட்டது. பதிவு விழுந்தால் பிரஜாவுரிமை விண்ணப்பம் போயிற்று, வருடக்கணக்கில் காத்திருந்து திரும்பத் தொடங்கவேண்டும். கடிதத்தை மறுக்கப் பத்து நாள் தந்திருந்தார்கள்.

இலவசச் சட்ட ஆலோசனைக்குப் போய்விட்டு, அண்ணை நேரே தொழிற்சாலையில் உடுப்பு மாற்றும் அறைக்கு வந்தார். சத்தம் போடவில்லை.

"விஜி, நீ உண்மையைச் சொன்னால் மறுக்கலாமாம். இல்லாட்டி மறுத்தும் பிரயோசனமில்லையாம். கொஞ்சம் ஞாபகப்படுத்திப் பார்."

"பாக்கிறன் அண்ணை," என்றேன்.

பத்து நாளும் அவரை வேலையில் பார்த்தேன். இடையில் ஐந்தாம் நாள் என்னைப் பிரிவுத் தலைவராக அறிவித்தார்கள். எல்லாரும் கை தட்டினார்கள், அண்ணையும் தட்டினார். அவருடைய கூடுகளைச் சரிபார்த்துக் கையெழுத்து வைப்பதும் இனி என் வேலை. நாளைக்குச் சொல்வோம், நாளைக்குச் சொல்வோம் என்று நான் தள்ளிப்போட்ட விதத்தைப் பார்த்தால் நாட்களுக்கு முடிவே இல்லை என்று நினைத்திருக்கிறேன் போலும். ஒன்பதாம் நாள் பொலிஸ் நிலைய வாசல்வரை போனேன். போய், எதிர்ப்பக்கக் கடையில் பால் வாங்கிக்கொண்டு திரும்பினேன். கோழை என்று என்னை நானே திட்டுவதால் இப்போது ஒன்றும் ஆகப்போவதில்லை, இருந்தாலும் திட்டுகிறேன்.

நாள் தாண்டின பிறகுதான் எனக்குத் தைரியம் வந்தது. பன்னிரண்டாம் நாள், ஞாயிற்றுக்கிழமை பின்னேரம், அண்ணை வீட்டுக்குப் போனேன். மனோகரி அக்கா கதவைத் திறந்தார், வாருங்கள் என்று சொல்லவில்லை, வழி மட்டும் விட்டார். அண்ணை கதிரையில் இருந்து போனில் தன் நெல்லியடி அக்காவோடு கதைத்துக்கொண்டிருந்தார்.

"இல்லை அக்கா, ஆவணிக்கும் ஏலாது. ... இன்னும் அஞ்சாறு வரியம் எண்டு சொல்லுறாங்கள்."

போனில் அக்காவின் குரல் எனக்கும் கேட்டது. "அஞ்சாறு வரியமோ? அதுவரைக்கும் நான் இருப்பனோடா? அப்பிடி என்ன பிழை விட்டனி?"

அண்ணை என்னை நிமிர்ந்து பார்த்தார். பிறகு போனை என் பக்கம் நீட்டினார்.

"விஜி வந்திருக்கிறான். அவனைக் கேள்."

திரையில் ஒடுங்கின முகம், வெள்ளைத் தலை. மருந்துப் போத்தல்கள் பின்னால் தெரிந்தன. நான் மூன்று மாதமாக விழுங்கி வைத்திருந்ததெல்லாம் ஒரே மூச்சில் வந்தது.

"அக்கா, அவரிலை ஒரு பிழையுமில்லை. துவக்கு என்ரை. அவர் வச்சிருக்கக் கூடாதெண்டு எனக்கு முதலே தெரியும். அவர் கேக்க, பிரச்சினையில்லையெண்டு நான்தான் சொன்னனான். பொலிசிலை கேக்க, ஞாபகமில்லையெண்டு சொல்லிப்போட்டன்."

சொல்லும்போது அழுதுவிட்டேன். பின்னால் மனோகரி அக்கா, "இதை உவர் அங்கை போய்ச் சொல்லியிருக்கலாம்," என்று சுவரைப் பார்த்துச் சொன்னார்.

தில்லைநாயகி அக்கா திட்டவில்லை. நான் சொன்னதை மெல்ல மெல்ல விளங்கிக்கொள்வதுபோல் இருந்தது. பிறகு கேட்டார்.

"உன்னட்டை அந்தப் பாஸ்போட் இருக்குத்தானே தம்பி?"

"ஓம் அக்கா."

"அப்ப எனக்குக் கொள்ளி வைக்க நீ வருவியோ?"

அதில் கோபம் இல்லை, குத்தல் இல்லை. உண்மையாகவே கேட்டார். யாராவது வரவேண்டும், அவ்வளவுதான் அவருடைய கவலை.

அண்ணை எழுந்து வந்து போனை என் கையிலிருந்து வாங்கினார்.

"அவனை விடு அக்கா," என்றார். "அவனுக்கு ஞாபகம் இருக்காது."

மனோகரி அக்கா தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தார். வந்தவனுக்கு வைக்காமல் விடுகிற வீடு இல்லை அது. சீனி போட்டிருந்தார், எனக்கு எத்தனை கரண்டி என்று கேட்காமலே சரியாகப் போட்டிருந்தார். குடித்து முடித்துவிட்டு, போய் வருகிறேன் என்று சொன்னேன். மனோகரி அக்கா கோப்பையை எடுத்துக்கொண்டு உள்ளே போனார்.