இப்ப வருதா?

தான் செத்துப்போன செய்தி காதில் விழுந்தபோது அவள் பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தாள். ஞாயிற்றுக்கிழமை காலை. பக்கத்து அறையில் அவள் கணவன் தானே செய்த ரேடியோவின் முன்னால் உட்கார்ந்திருந்தான். சின்ன ஸ்பீக்கரில் மோர்ஸ் குறிகள் விட்டுவிட்டு வந்துகொண்டிருந்தன. தட்டிக்கொண்டிருந்தவர் வெகு தொலைவில் இருக்கும் ஒரு மனிதர். ஞாயிறுதோறும் ரேடியோவில் கூடுகிற அந்தக் கூட்டத்தில் எல்லாருக்கும் அவர் வாத்தியார்.

“உங்கள் மனைவி மறைந்த துக்கத்தில் நாங்களும் பங்கு கொள்கிறோம். இன்று முதலில் நீங்கள் பேசுங்கள். மற்றவர்கள் விலகி வழிவிடவும்.”

மற்றவர்கள் விலகினார்கள். ஸ்பீக்கரில் மழை தூரத்தில் பெய்வது போன்ற இரைச்சல் மட்டும் மிஞ்சியது. அந்த இரைச்சலுக்குள் கணவன் தட்டினான்.

“நன்றி. எல்லாம் முடிந்துவிட்டது. கடைசி வரை என் கையை விடவே இல்லை.”

தட்டி முடித்ததும் திரும்பிப் பார்க்காமலே குரல் கொடுத்தான். “இந்தா, டீ என்னாச்சு?”

செத்தவள் எழுந்து போய் டீ போட்டாள். கொண்டுவந்து அவன் முழங்கைக்குப் பக்கத்தில் வைத்தாள். அவன் குடித்தான். சர்க்கரை குறைவு என்றுகூடச் சொல்லவில்லை.

போன ஞாயிறு அவளுக்கு ஃபேக்டரியில் வேலை இருந்தது. காலர் தைக்கிற வரிசையில் ஆள் குறைவு என்று கூப்பிட்டிருந்தார்கள். அன்றைக்குத்தான் கொன்றிருக்க வேண்டும். அவள் மீதி பீன்ஸை நறுக்கினாள். எல்லாம் ஒரே அளவில் விழுந்தன.

அவளுக்கு மோர்ஸ் தெரியும் என்பது அவனுக்குத் தெரியாது. தெரியாமல் போனதற்கு அவன்தான் காரணம். கல்யாணமான புதிதில் லைசென்ஸ் பரீட்சைக்குப் படிக்கும்போது, குறிகளைக் காதால் கேட்டு எழுதிப் பழக அவனுக்கு ஓர் ஆள் வேண்டியிருந்தது. எழுத்துக்குப் பக்கத்தில் புள்ளியும் கோடும் போட்ட ஒரு தாளை அவளிடம் கொடுத்து, “இதைப் பாத்து அப்படியே தட்டு, போதும். உனக்குப் புரியணும்னு அவசியமில்ல” என்றான். அவள் மாலை மாலையாகத் தட்டினாள். தையல் மெஷினில் பழகிய கை. நூல் ஓடுவது போல ஓடியது. கோட்டைக் கொஞ்சம் இழுத்து, கடைசிப் புள்ளியை வெடுக்கென்று விடுவது அவள் பழக்கம். அதைக் கேட்டுக் கேட்டுத்தான் அவன் கற்றான். கற்றவன் கைக்கும் அதே இழுப்பு வந்தது, அதே வெடுக்கும் வந்தது. மோர்ஸ்காரர்கள் குரலை அறிவதைப் போலக் கையை அறிவார்கள். இந்த இரண்டு கைகளையும் பிரித்துச் சொல்ல எவராலும் முடியாது. பரீட்சை முடிந்ததும் தாளை வாங்கி வைத்துக்கொண்டான். அவள் தலைக்குள் போனதைத் திருப்பிக் கேட்க அவனுக்குத் தோன்றவில்லை. உளிக்கு என்ன தெரியும் என்று எந்தத் தச்சன் கேட்பான்?

அவன் லிஃப்ட் மெக்கானிக். கையில் வேலை சுத்தம். ரேடியோவை அவளுடைய அலுமினிய டிபன் டப்பாவுக்குள்தான் கட்டியிருந்தான். பிறந்த வீட்டிலிருந்து வந்த டப்பா அது. ஒரு நாள் ஃபேக்டரிக்குக் கிளம்பும்போது தேடினாள். பக்கத்தில் நாலு ஓட்டை போட்டு, உள்ளே காயிலும் கம்பியும் ஈயமுமாக மேஜை மேல் இருந்தது. “பாலித்தீன் கவர்ல கொண்டு போயேன்” என்றான். மொட்டை மாடியில் துணி காயப்போட்ட கொடி இருந்த இடத்தில் ஏரியல் வந்தது. அதன் பிறகு துணி குளியலறைக்குள் காய்ந்தது. அதாவது காயவில்லை.

டப்பாவின் சக்தி ஒரு டார்ச் பல்பு எரிகிற அளவுதான். அதை வைத்துக்கொண்டு கடல் தாண்டிப் பேசுவதில்தான் இந்தக் கூட்டத்துக்குப் பெருமை. எல்லாரும் தாங்களே செய்த பெட்டி வைத்திருப்பவர்கள். எல்லாரும் குறைந்த சக்திக்காரர்கள். அதிலும் குறைந்தவன் இவன். இவன் தட்ட ஆரம்பித்தால் எவராவது இவன் ஓசையை அமுக்கி மேலே ஏறித் தட்டுவார். யானை போகிற வழியில் எறும்பு என்ன கத்தினால் என்ன? பல ஞாயிறுகள் அழைத்து அழைத்துப் பதில் இல்லாமல் எழுந்து வந்திருக்கிறான். அந்த மதியங்களில் அவன் முகத்தைப் பார்த்துச் சோறு போட அவளுக்குப் பயமாக இருக்கும்.

இப்போது வழிவிட்டார்கள். பெண்டாட்டி செத்தவனுக்கு யார்தான் வழிவிடமாட்டார்கள்? அவள் யோசித்துப் பார்த்தாள். இன்னொருத்தியோடு தொடர்பு, அதனால் சொன்னான் என்றால்கூட ஒரு கௌரவம் இருந்திருக்கும். இவன் அவளைக் கொன்றது காலியான ஓர் அலைவரிசைக்காக.

அடுத்தடுத்த ஞாயிறுகளில் செத்தவள் வளர்ந்தாள். அவள் பாடுவாளாம். ஈயம் பற்றவைக்கும்போது பக்கத்தில் உட்கார்ந்து புகையை ஊதி விலக்குவாளாம். இவன் பேசுவதை விடியும்வரை கேட்பாளாம். நறுக்கிக்கொண்டோ துடைத்துக்கொண்டோ இவள் கேட்டுக்கொண்டிருந்தாள். செத்தவள் மேல் முதலில் கோபம் வந்தது. பிறகு பொறாமை. அந்த மாதிரிப் பெண்ணாக இருக்க இவளுக்கும் ஒரு காலத்தில் ஆசை இருந்தது, இடம் கிடைக்கவில்லை. வாத்தியார் மட்டும் ஒவ்வொரு வாரமும் பதில் தட்டினார். அவர் மனைவியும் போய்ச் சேர்ந்தவர். அதைப் பற்றி அதுவரை யாரிடமும் வாய் திறந்ததில்லை என்றும், இவன் சொன்ன பிறகுதான் தன்னாலும் சொல்ல முடிகிறது என்றும் தட்டினார். அந்த வரி மிக மெதுவாக வந்தது.

ஒரு சாயங்காலம் கீழ் வீட்டிலிருந்து நாத்தனார் ஏறி வந்தாள். இருக்கிற இடத்தைக் கலகலப்பாக்காமல் போகமாட்டாள்.

“அண்ணி, காலையிலேர்ந்து எங்க அண்ணன் டொக்கு டொக்குன்னு தட்டுதே, யாராவது பதில் தட்டுறாங்களா, இல்ல வெறும் மரங்கொத்தி வேலைதானா?”

“உலகம் பூரா பேசுவாரு. வீட்டுக்குள்ளதான் கரண்ட் கட்.”

நாத்தனார் விழுந்து விழுந்து சிரித்தாள். அவன் ஒரு ஸ்க்ரூவைச் சட்டையில் துடைத்துக்கொண்டிருந்தான். அவள் அவனையே பார்த்துக்கொண்டு கேட்டாள்.

“ஏங்க, நான் செத்துட்டா என்ன பண்ணுவீங்க?”

நாத்தனாருக்கு அது விளையாட்டு. அவளுக்கு விளையாட்டில்லை. ஸ்க்ரூவைப் பிடித்திருந்த கை ஒரு கணம் நின்றால் போதும், விட்டுவிடலாம் என்று மனதுக்குள் வைத்திருந்தாள். கை நிற்கவில்லை.

“கயிறு தேஞ்சா வேற கயிறு மாத்துறதில்லையா? அதே மாதிரிதான்.”

“பாத்தீங்களா அண்ணி! நீங்க லிஃப்ட் கயிறாம்!”

அவளும் சிரித்தாள்.

அதற்கடுத்த ஞாயிறு, அவன் ரேடியோவைப் போட்டு அது சூடாகக் காத்திருந்தபோது போன் வந்தது.

“எவனோ ஏழாவது மாடியில மாட்டிக்கிட்டானாம். ஞாயித்துக்கிழமைன்னா போதும், எல்லாவனுக்கும் மேல போகணும்.” சட்டையை மாட்டிக்கொண்டே வாசலில் நின்று சொன்னான்: “அந்த ஸ்விட்சை ஆஃப் பண்ணிடு. வேற எதையும் தொடாத.”

அவன் செருப்புச் சத்தம் படியிறங்கி முடிந்தது. அவள் கையைக் கழுவி, புடவையில் துடைத்துக்கொண்டு, நாற்காலியில் உட்கார்ந்தாள். அந்த நாற்காலியில் அவள் உட்கார்ந்து பல வருஷம் ஆகியிருந்தது. தன்னுடைய டிபன் டப்பாவைத் தொட்டுப் பார்த்தாள். வெதுவெதுப்பாக இருந்தது.

ரேடியோவில் அவனுக்குப் பெயராக இருந்த அழைப்புக்குறியைத் தட்டினாள். கோட்டை இழுத்து, கடைசிப் புள்ளியை வெடுக்கென்று விட்டாள்.

“வாருங்கள், வாருங்கள்” என்றது வாத்தியாரின் கை. “மற்றவர்கள் விலகவும். நண்பரே, என் மனைவி வைத்த செடி நேற்றுப் பூத்தது. முதலில் உங்களிடம்தான் சொல்லத் தோன்றியது.”

விசை மேல் இருந்த விரலை அவள் எடுத்தாள். இந்த மனிதர் அவளுக்கு என்ன தீங்கு செய்தார்? வேறு யாரும் அவளுக்காக இத்தனை வாரம் வருந்தியதில்லை. ஆனால் இவரை விட்டுவிட்டு மற்றவர்களை மட்டும் அறுப்பதென்றால் அறுபடாது. கூட்டத்தைத் தாங்கிப் பிடிக்கிற கயிறு இவர்தான். லிஃப்ட்காரன் பெண்டாட்டிக்கு அதுகூடத் தெரியாதா?

அவள் தட்டினாள். அவசரமே படவில்லை.

“என் மனைவி சாகவில்லை. அடுப்படியில் இருக்கிறாள். நீங்கள் வழிவிட வேண்டும் என்பதற்காகச் சொன்ன பொய். வாத்தியார் அழுதபோது நான் சிரித்தேன்.”

கடைசி வரி உண்மையில்லை. அவன் சிரித்ததில்லை. அது அவள் சேர்த்த தையல். பிரிந்துவிடாமல் இருக்க ஓரத்தில் போடுகிற இரண்டாவது தையல்.

இரைச்சல். யாரும் தட்டவில்லை. அவள் ஒரு வார்த்தைக்குக் காத்திருந்தாள். திட்டாக இருந்தாலும் சரிதான். நெடுநேரம் கழித்து வாத்தியாரின் கை வந்தது. “கேட்டுக்கொண்டோம்.” அவ்வளவுதான். பிறகு வேறொருவரை அழைத்து, அவர் ஊரில் வெயில் எப்படி என்று கேட்டார். அவள் ஸ்விட்சை ஆஃப் செய்தாள். வேறு எதையும் தொடவில்லை.

அதன் பிறகு வந்த ஞாயிறுகளில் அவன் அழைத்தான். ஒவ்வொரு முறை அழைத்த பிறகும் ஸ்பீக்கரில் ஓர் இடைவெளி விழுந்தது. ஆள் இல்லாத வீட்டுக்கும், ஆள் இருந்தும் கதவைத் திறக்காத வீட்டுக்கும் அமைதி ஒன்றல்ல. அவளுக்கு அந்த வித்தியாசம் தெரியும். இத்தனை வருஷம் அதற்குள்தானே குடித்தனம் செய்தாள்? அவனுக்குத் தெரியவில்லை. குறைந்த சக்தியில் அழைப்பவன் எப்போதும் தன் பெட்டியைத்தான் முதலில் சந்தேகப்படுவான். கேட்டும் பேசவில்லை என்று நினைப்பதைவிட, கேட்கவில்லை என்று நினைப்பது அவனுக்குச் சுலபம்.

ஏரியலைக் கழற்றி மாட்டினான். ஈயம் வைத்த இடங்களையெல்லாம் மறுபடி உருக்கினான். சரியாகச் சாப்பிடவில்லை. சவரம் செய்யாமல் வேலைக்குப் போனான். ஒரு ஞாயிறு அடுப்படி வாசலில் வந்து நின்றான். அப்படி வந்து நிற்கிற வழக்கம் அவனுக்கில்லை.

“கொஞ்சம் வா. உன்னால ஒரு வேலை ஆகணும்.”

கையில் ஒரு சின்ன ரிசீவரையும் இயர்போனையும் வைத்திருந்தான். திருகுகிற குமிழ் மேல் டேப் ஒட்டியிருந்தது. “இது அவங்க பேசுற அலைவரிசையிலதான் நிக்குது. குமிழைத் தொடாத. தெருமுனை லைட் போஸ்ட் வரைக்கும் போய் நில்லு. நான் தட்டுவேன். என் பெட்டி அலைவரிசை மாறி வேற எங்கயோ தட்டுதோன்னு சந்தேகமா இருக்கு. கீச்சுன்னு சத்தம் வந்தா வருதுன்னு சொல்லு, வரலன்னா வரலன்னு சொல்லு. உனக்கு வேற ஒண்ணும் புரிய வேணாம்.”

நாத்தனாரை நடுவழியில், வாசல் கேட்டருகே நிறுத்தினான், அங்கிருந்து குரல் கொடுப்பதற்கு.

அவள் தெருமுனைக்குப் போனாள். இயர்போனைக் காதில் வைத்ததும் அவன் வந்தான். இத்தனை தெளிவாக அவனை அவள் கேட்டதே இல்லை. காதுக்குள் வாய் வைத்துப் பேசுவது போல இருந்தது. சோதனைக்குத் தட்டுகிற எழுத்து சில முறை வந்தது. அடுத்து அவன் அழைப்புக்குறி. அத்தோடு நிறுத்தியிருக்கலாம். நிறுத்துவானா என்று அவள் நிஜமாகவே காத்திருந்தாள். கை நிற்கவில்லை. நண்பர்கள் கேட்டாலும் கேட்பார்கள் என்ற ஆசையில் ஓடியது.

“யாராவது பேசுங்கள். அவள் போன பிறகு இந்த வீட்டில் நானும் சுவர்களும்தான்.”

“அண்ணி!” நாத்தனார் கேட்டிலிருந்து கத்தினாள். “வருதான்னு அண்ணன் கேக்குது!”

“வரல!”

“வரலயாம்ணே!”

மேலே ஜன்னலில் அவன் தலை தெரிந்து மறைந்தது. உள்ளே பெட்டியின் காயிலைத் திருகியிருப்பான். அடுத்த முறை ஓசை கொஞ்சம் மெலிந்து, கொஞ்சம் உச்சத்தில் வந்தது. இருக்க வேண்டிய இடத்தை விட்டு நகர ஆரம்பித்திருந்தது.

“இப்ப?”

“இல்ல!”

“என்ன அண்ணி இது, கிணத்துல போட்ட கல்லா! நல்லா காதுல வெச்சிருக்கீங்களா?”

“வெச்சுத்தான் இருக்கேன். வரலன்னு சொல்லு.”

இன்னொரு திருகல். சைக்கிளில் போன ஒருவர் வேகத்தைக் குறைத்து, என்ன நடக்கிறது என்று பார்த்துவிட்டுப் போனார். ஓசை கொசுவைப் போல மெலிந்தது. இப்போது வார்த்தை எதுவுமில்லை. சோதனை எழுத்து மட்டும், திரும்பத் திரும்ப. கோடு இழுபட்டு வந்தது. கடைசிப் புள்ளியில் பழைய வெடுக்கு இல்லை. அவன் கை களைத்திருந்தது. அதைப் பிடித்துக்கொள்ள அவள் மூச்சை அடக்கி, மறுகாதைப் பொத்திக்கொள்ள வேண்டியிருந்தது. அந்தக் கூட்டத்தில் ஒருவர்கூட இவ்வளவு கஷ்டப்பட்டு அவனைக் கேட்டிருக்கமாட்டார்கள்.

“இப்ப வருதா?” இந்த முறை ஜன்னலிலிருந்து அவனே கத்தினான். ஒரு நாளில் இத்தனை கேள்வி அவன் அவளிடம் கேட்டதில்லை.

அவள் கேட்டாள். இரைச்சல் இருந்தது. இரைச்சலுக்கு அடியில் தேடினாள். ஒன்றுமில்லை.

“இல்ல!” என்றாள். முதல் முறையாக அது உண்மையாக இருந்தது.

“நல்லா கேட்டுத்தான் சொல்றியா?”

“நல்லாத்தான் கேட்டேன்!”

அவன் தலை உள்ளே போயிற்று. அடுத்த திருகலுக்காக அவள் போஸ்டில் சாய்ந்து நின்றுகொண்டாள்.