ஆறு கிளாம்பும் ஒரு வயிற்றெரிச்சலும்

பழைய சாமான் கடைக்காரர் அதற்கு முன்பு துணிக்கடை வைத்திருந்தவர். மரவேலையைப் பற்றி அவருக்கு ஒன்றும் தெரியாது. ஆனால் தெரியாது என்று ஒருநாளும் ஒப்புக்கொண்டதில்லை. வந்து விழும் ஒவ்வொரு சாமானுக்கும் மனதில் தோன்றிய பெயரை முத்து முத்தான கையெழுத்தில் எழுதி, நூலில் கட்டித் தொங்கவிட்டுவிடுவார். உளியில் 'பெயின்ட் டப்பா திறப்பது' என்று சீட்டு ஆடும். பெயின்ட் டப்பா திறப்பதில் 'உளி' என்று ஆடும். அந்தப் பக்கத்துத் தச்சர்கள் ஞாயிற்றுக்கிழமை காலையில் அங்கே கூடுவதே இதற்காகத்தான். எந்தச் சீட்டு தப்பு என்று கண்டுபிடிக்கிறவன் பாடு கொண்டாட்டம்.

அந்தக் கொண்டாட்டம் ஏனோ எப்போதும் சின்ன மாப்பிள்ளைக்கே வாய்த்தது. பெரிய மாப்பிள்ளைக்கு வயிறு எரிந்தது.

இருவரும் சகலைகள். அக்காவைக் கட்டியவர் பெரிய மாப்பிள்ளை, தங்கையைக் கட்டியவர் சின்ன மாப்பிள்ளை. இருவருக்கும் மரவேலைதான், பட்டறையும் அடுத்தடுத்த தெருவில்தான். 'கதவு முட்டு' என்று சீட்டு கட்டிய ஓர் இரும்புத் துண்டைச் சின்னவர் அள்ளிக்கொண்டு வந்தார். துடைத்துப் பார்த்தால் அருமையான இழைப்புளி. மாமனார் அதைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்து, "சின்ன மாப்பிள்ளைக்குக் கழுகுக் கண்ணு" என்றார். அன்றைக்குச் சாப்பிட்டது பெரியவருக்குத் தொண்டைக்குக் கீழே இறங்கவில்லை.

"உங்க வயித்தெரிச்சல்ல ஒரு வாரத்துக்குச் சமைக்கலாம், கேஸ் மிச்சம்" என்றாள் மனைவி.

அப்படியிருக்க, மாமனார் தன் வீட்டுச் சாப்பாட்டு மேசையைச் செய்யும் வேலையைப் பெரியவரிடம் கொடுத்தார். இடித்த பழைய வீட்டிலிருந்து எடுத்துப் பத்திரமாக வைத்திருந்த ஐந்து பலகைகள். அவற்றைப் பக்கவாட்டில் ஒட்டி ஒரே பலகையாக்க வேண்டும். கெட்டுப்போனால் மாற்று கிடையாது. கெட்டுப்போனால் மாமனார் என்ன சொல்வார் என்பதும் பெரியவருக்கு மனப்பாடம்: சின்னவர்கிட்டயே குடுத்திருக்கலாம்.

பசை காயும்வரை பலகைகளை இறுக்கிப் பிடிக்க நீளமான கிளாம்ப் ஆறு தேவைப்பட்டது. அவரிடம் இருந்ததெல்லாம் குட்டைக் கிளாம்புகள். ஞாயிற்றுக்கிழமை கடை திறக்கும்போதே போய் நின்றார்.

பின்சுவரோரம் 'ஜன்னல் கம்பி' என்று சீட்டு கட்டிய ஒரு கட்டு கிடந்தது. துருப்பிடித்து, அழுக்கேறி, பார்க்கவே அருவருப்பு. பெரியவர் ஒன்றை உருவி எடுத்தார். கண்ணுக்கு நேரே பிடித்து நுனிவரை பார்த்தார். நூல் பிடித்தாற்போல் நேர். இறுக்கும் திருகாணியை ஒற்றை விரலால் சுற்றினார். கடைசிவரை தடங்கல் இல்லாமல் ஓடியது. ஒரு கட்டையை வைத்து இறுக்கினார். கட்டையைக் கவ்விய தாடை ஆடவில்லை, கம்பி வளையவில்லை. ஜன்னல் கம்பியாவது, அசல் கிளாம்ப்! எண்ணிப் பார்த்தால் சரியாக ஆறு.

அப்போது பார்த்தா சின்னவர் உள்ளே நுழைய வேண்டும்!

பெரியவர் கையிலிருந்ததைச் சட்டென்று கீழே போட்டார். போட்டதோடு விடாமல், "ச்சீ, குப்பை" என்று ஊருக்கே கேட்கும்படி சொல்லிவிட்டுக் கையைத் தட்டிக்கொண்டார். சகலை முன்னால் எந்தப் பொருள்மேலும் ஆசையைக் காட்டக் கூடாது என்பது அவர் வைத்திருந்த சட்டம். அவன் போனபிறகு எடுத்துக்கொள்ளலாம் என்பது கணக்கு.

"வாங்கண்ணே, சீக்கிரமே வந்துட்டீங்களா?" என்று சிரித்துவிட்டுச் சின்னவர் எதிர்ப்பக்கம் போனார். அங்கே சிவப்புப் பெயின்ட் பளபளக்க ஆறு நீளக் கம்பிகள். சீட்டில் 'மரவேலை கிளாம்ப், பெரியது'. சின்னவர் ஒன்றை எடுத்து, தடவி, தலையைச் சாய்த்து, காதலியைப் பார்ப்பதுபோல் பார்த்தார்.

பெரியவருக்குப் பொறுக்கவில்லை. இவனுக்கே எல்லாம் கிடைத்துவிடுமா? நாலே எட்டில் போய், "இதை நான் முதல்லயே சொல்லி வச்சுட்டேன்" என்று பொய் சொல்லி ஆறையும் அணைத்துக்கொண்டார். தூக்கியபோது கை ஒன்று சொன்னது: கனமே இல்லையே. மனம் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. கண்ணுக்கு நேரே பிடித்துப் பார்க்கவில்லை, திருகாணியைச் சுற்றவில்லை, இறுக்கவும் இல்லை. சின்னவரின் முகம் வாடியதை மட்டும் ஆசைதீரப் பார்த்தார். கையிலிருந்த பணம் அத்தோடு காலி.

பலகைகளை ஒட்டும் நாள் வந்தது. பசை தடவும் முன் ஒருமுறை வெறுமனே இறுக்கிப் பார்ப்பது அவர் வழக்கம். அன்று அதைச் செய்யவில்லை. நேரமில்லை என்று மனைவியிடம் சொன்னார். உண்மையில், அந்தக் கனமில்லாத கிளாம்பின் குட்டு வெளிப்பட்டுவிடுமோ என்று பயம். ஐந்து பலகைக்கும் பசை தடவி, சேர்த்து, முதல் சிவப்புக் கிளாம்பைப் போட்டு முறுக்கினார். கம்பி வில்லாக வளைந்தது. இரண்டாவதும் வளைந்தது. மூன்றாவதின் தாடை கையோடு வந்துவிட்டது. பலகைகளுக்கு நடுவே இடைவெளி பல்லை இளித்தது. பத்து நிமிடத்தில் பசை பிடித்துவிடும். அப்புறம் அது அப்படியேதான்.

"தங்கச்சிக்குப் போன் போடட்டுமா?" என்றாள் மனைவி.

"வேணாம்."

"அப்போ அப்பாவுக்குப் போடட்டுமா?"

"தங்கச்சிக்கே போடு" என்றார் பெரியவர். சொல்லும்போது நாக்கு கூசியது.

சின்னவர் மூச்சிரைக்க ஓடிவந்தார். தோளில் ஒரு கட்டு, அதில் இன்னும் ஆடிக்கொண்டிருந்தது சீட்டு: 'ஜன்னல் கம்பி'. பெரியவருக்கு ஒரு கணம் பலகையும் மறந்தது, பசையும் மறந்தது.

"அப்புறம் முறைக்கலாம், இறுக்குங்க!" என்று மனைவி அதட்டினாள். கீழே மூன்று, மேலே மூன்று என்று மாற்றி மாற்றிப் போட்டு இருவரும் முறுக்கினார்கள். இடைவெளி மூடியது. மூட்டு நெடுகப் பசை சின்னச் சின்ன மணியாகப் பிதுங்கியது. அது பிதுங்கினால்தான் பிழைத்தது என்று அர்த்தம்.

பெரியவர் கையைத் துடைத்தார். "இது நல்ல சரக்குன்னு உனக்கு எப்படித் தெரிஞ்சுது?"

"எனக்கு என்னண்ணே தெரியும்? நீங்க அஞ்சு நிமிஷம் பாத்தீங்கல்ல, கடை ஜன்னல் வழியா பாத்தேன். நீங்க ஒரு சாமானை ரொம்ப நேரம் பாத்துட்டுக் குப்பைன்னு சொன்னா, அது தங்கம். அந்த இழைப்புளியும் அப்படித்தான் வாங்கினேன்."

பெரியவருக்கு நினைவு வந்தது. 'கதவு முட்டு'. அதையும் கையில் எடுத்தார், அதையும் பார்த்தார், சின்னவரைக் கண்டதும் போட்டார். இத்தனை வருஷம் எரிந்ததெல்லாம் தன் கண்ணைப் பார்த்துத்தானா?

"மாமா மேசையை உங்ககிட்ட குடுத்தப்ப எனக்கு ரெண்டு நாள் சோறு இறங்கலண்ணே" என்றார் சின்னவர், தலையைக் குனிந்துகொண்டு. "உங்க கை எனக்கு வராது."

அந்தச் சொல் பெரியவருக்கு எவ்வளவு இனித்தது என்று சொல்ல முடியாது. வெட்கமாகவும் இருந்தது.

"அது சரி, அந்தச் சிவப்பை நீ ஏன் அப்படித் தடவின?"

"அதுவா? போட்டோ ஸ்டுடியோக்காரங்க திரை மாட்டுற கம்பி. அந்தத் தாடையும் திருகாணியும் திரைத்துணியைக் கவ்வத்தான். மாடியில துணி காயப்போட உங்க கொழுந்தியா ரொம்ப நாளா கேட்டா."

மனைவி சிரித்த சிரிப்பு தெருமுனைவரை கேட்டிருக்கும்.

மாற்றிக்கொண்டார்கள். துருப்பிடித்த ஆறும் பெரியவருக்கு, சிவப்பு ஆறும் சின்னவருக்கு. மேசை மாமனார் வீட்டுக்குப் போனது. அவர் ஒட்டிய இடத்தைத் தடவித் தடவித் தேடிவிட்டு, "எங்கய்யா ஒட்டினீங்க?" என்றார். "சகலை வந்து கை குடுத்தாரு" என்று பெரியவரே சொன்னார். சொல்ல வலித்தது, ஆனாலும் சொன்னார்.

மறுநாள் அடுத்த தெரு வழியாக வந்தவர் நிமிர்ந்து பார்த்தார். சகலை வீட்டு மாடியில் சிவப்புக் கம்பிகள் வெயிலில் மின்ன, வரிசையாகச் சட்டைகள் ஆடின. வளைந்ததைக்கூடத் தட்டி நேராக்கியிருந்தார்கள்.

பெரியவர் வீட்டுக்கு வந்ததும் மனைவியைக் கூப்பிட்டார். "அவங்க வீட்டுல துணி நம்ம வீட்டைவிடச் சீக்கிரம் காயுது, கவனிச்சியா?"