கூறைப்புடவை கேட்ட கேள்வி

2001ஆம் ஆண்டு ஆவணி முகூர்த்தத்தில், கண்ணமங்கலத்துச் சத்திரம் ஒன்றில், தாலி ஏறுகிற நேரத்துக்குச் சரியாக, மணப்பெண் கட்டியிருந்த அரக்குச் சிவப்புக் கூறைப்புடவை "பாப்பா, சோறு துன்னியா?" என்று கேட்டது. கெட்டிமேளத்தில் பாதிப் பேருக்குக் கேட்கவில்லை. ஐயர் மாப்பிள்ளையைப் பார்த்தார், மாப்பிள்ளை தன் அப்பாவைப் பார்த்தான், அப்பா சமையல்காரரைப் பார்த்தார். காலையிலிருந்து பச்சைத் தண்ணீர் பல்லில் படாத மணப்பெண் புஷ்பலதா மட்டும் தலையைக் குனிந்தபடி "இல்ல" என்று பதில் சொன்னாள். ஆரணியிலிருந்து போயிருந்த காசியம்மாள், பத்திரிகை வைக்காத கல்யாணத்துக்கும் பட்டுடுத்திப் போகிறவள், அட்சதையைக் கையிலேயே வைத்துக்கொண்டு எழுந்துவிட்டாள். அந்தக் குரல் எங்கள் தெரு ஜெயவேலின் குரல். ஜெயவேலுக்கு நாக்கை எடுத்து அப்போது ஆறு மாதம் ஆகியிருந்தது.

ஜெயவேலுக்கு வயது இருபத்தொன்பது. தறிக்குழியில் காலை விட்டால் வாய் திறந்துவிடும் ரகம். மழை, பாலாறு, பட்டு விலை, பக்கத்து வீட்டுக்காரன் வாங்கிய கலர் டிவி என்று எதையும் விடமாட்டான். இரண்டு பேர் பங்கையும் அவனே பேசிவிடுவதால் அவன் மனைவி திலகவதிக்கு வாயைத் திறக்கும் வேலையே இருக்கவில்லை. நாக்கின் ஓரத்தில் அரிசி அளவுக்கு ஒரு புண் வந்தபோது அதைப் பற்றியும் அவன் தெரு முழுக்கப் பேசினான். நாங்களும் சளைக்காமல் வைத்தியம் சொன்னோம். மணத்தக்காளிக் கீரை சாப்பிட்டான், தேங்காய்ப்பால் குடித்தான், மருந்துக் கடையில் மஞ்சள் மாத்திரை வாங்கி விழுங்கினான். கடைசியில் காசியம்மாள் சொன்னதைக் கேட்டு உள்ளங்காலில் விளக்கெண்ணெய் தடவினான். அரிசி அளவு மொச்சை அளவானபோதுதான் திலகவதி அவனை வேலூருக்கு பஸ் ஏற்றினாள்.

அங்கே ஒரு இளவயது டாக்டர் கேன்சர் என்றார். நாக்கின் பெரும்பகுதியை எடுக்கவேண்டும், கையிலிருந்து சதை வெட்டி அந்த இடத்தில் வைத்துத் தைப்போம், அதன்பிறகு கதிர்வீச்சுக் கரண்ட் வைக்கவேண்டும் என்றார். பிழைப்பேனா என்று ஜெயவேல் கேட்கவில்லை. "எம் பொண்ணு இன்னும் பேச ஆரம்பிக்கல சார். நான் பேசலன்னா அது யாரைப் பாத்து பேசும்?" என்றான். மகள் சுகன்யாவுக்கு அப்போது ஒன்றரை வயது. "ஏன், அக்கம்பக்கத்துல பேசுவாங்க இல்ல?" என்றார் டாக்டர். அவருக்கு எங்கள் தெருவைத் தெரியாது. ஆனாலும் சரியாகத்தான் சொன்னார்.

அன்று மாலைக்குள் நாங்கள் காரணத்தைக் கண்டுபிடித்திருந்தோம். ஜெயவேல் புகையிலையோ பாக்கோ தொடாதவன் என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும். அதனாலேயே திருட்டுத்தனமாகப் போட்டிருக்கிறான் என்று முடிவாயிற்று. பட்டு நூலின் சாயத்தைக் குறை சொன்னவர்கள் உண்டு. போன ஆடித் திருவிழாவில் கூழ் ஊற்றும்போது உப்பு பத்தவில்லை என்று சொன்னானே, அம்மன் சும்மா விடுவாளா என்று கேட்டவர்களும் உண்டு. ஒருவன் தப்பு செய்யாமலே இப்படி வரும் என்றால் அது யாருக்கும் வருமே. அந்தப் பேச்சை மட்டும் யாரும் எடுக்கவில்லை.

ஆபரேஷனுக்கு முன்பிருந்த நாட்களில் ஜெயவேல் ஒரு கூறைப்புடவையை நெய்து முடித்தான். தறிக்கு மேலே உத்தரத்தில் தூளி, தூளியில் சுகன்யா. அவளிடம் பேசிக்கொண்டே நெய்தான். நாடாவைப் பற்றி இங்கே சொல்லவேண்டும். அது தறியில் இடமும் வலமும் ஓடுகிற ஒரு சாண் நீள மரத்துண்டு; வயிற்றில் ஊடு நூல் சுற்றிய தார் இருக்கும், பக்கத்தில் சின்னதாக ஒரு கண். தார் தீர்ந்து புதுத் தார் போடும்போதெல்லாம் நூல் நுனியை அந்தக் கண் வழியாக வெளியே எடுக்கவேண்டும். ஊசி தேடுகிற பொறுமை எந்த நெசவாளிக்கும் கிடையாது. கண்ணில் வாயை வைத்து ஒரு உறிஞ்சு உறிஞ்சினால் நூல் உதட்டுக்கு வந்துவிடும். புண் நாக்கோடு உறிஞ்சும்போது ஜெயவேலுக்குக் கண்ணில் நீர் வந்தது. திலகவதி தான் உறிஞ்சித் தருகிறேன் என்றாள், அவன் கொடுக்கவில்லை. பாதிப் பேச்சில் நாடாவை வாய்க்குக் கொண்டுபோவான், வலியில் வார்த்தை உதட்டிலேயே நின்றுவிடும், நூலோடு ஒட்டிக்கொண்டு நெசவுக்குள் போய்விடும். அதற்கு முன்பு அவன் நெய்த புடவைகள் எதுவும் பேசியதில்லை. அவற்றை நெய்தபோது அவனுக்கு எதையும் சொல்லி முடிக்கிற அவசரம் இருக்கவில்லை.

இந்தப் புடவையின் உடல் பகுதி முழுவதும் குழந்தைக்குச் சொல்கிற பேச்சு. சோறு துன்னியா, மழையில நனையாத, ஸ்கூலுக்குப் போசொல்ல அழாத, டீச்சர் திட்டுனா எங்கிட்ட வந்து சொல்லு. முந்தானைக்கு வந்தபோது சுகன்யா அவன் மனதில் பெரியவளாகி, கல்யாணமாகிப் போய்விட்டாள். அதற்குத் தக்கபடி பேசினான். நெய்து முடித்ததும் பட்டுக் கடை கோபிநாத் வந்து ட்யூப்லைட் வெளிச்சத்தில் புடவையை விரித்துப் பார்த்தார். ஓர் இழை தப்பியிருந்தாலும் கண்டுபிடித்துவிடுகிற கண் அவருக்கு. காதை வைத்துப் பார்க்கும் வழக்கம் பட்டு வியாபாரத்தில் கிடையாது. மடித்து, பெட்டியில் வைத்து, கொண்டுபோய்விட்டார்.

வேலூரிலிருந்து திரும்பி வந்த ஜெயவேலுக்கு முகம் ஒரு பக்கம் வீங்கியிருந்தது. மூக்கில் கஞ்சிக் குழாய், தோளில் எச்சில் துடைக்கும் துண்டு. பேச முயன்றால் உலை கொதிப்பதுபோல ஒரு சத்தம் வரும். நாங்கள் முறை வைத்துப் போய்ப் பார்த்தோம். ஹார்லிக்ஸும் ஆப்பிளும் கொண்டுபோனோம். ஆப்பிளை எங்கள் பிள்ளைகளே அங்கேயே தின்று முடித்தன. நாக்கு இல்லாதவனுக்குக் காதும் கேட்காது என்று யாரோ நினைத்துவிட்டதால் எல்லோரும் அவனிடம் கத்திப் பேசினோம். அவனைப் பற்றிப் பேசவேண்டியதை மட்டும் அவன் முன்னாலேயே மெதுவாகப் பேசினோம். "இன்னும் எத்தினி நாளுன்னு டாக்டரு எதுனா சொன்னாரா திலகா?" என்று காசியம்மாள் கேட்டபோது, துண்டை வாயில் அழுத்திக்கொண்டு அவன் அவளையே பார்த்துக்கொண்டிருந்தான். அவளும் பதில் கிடைக்காமல் எழுந்திருக்கவில்லை.

சுகன்யா அவனிடம் போகவில்லை. கை நீட்டினால் வீறிட்டு அழுதாள். அழுகை அடங்கியதும் தறிக்குழியின் ஓரத்துக்குத் தத்தித் தத்திப் போய் உள்ளே எட்டிப் பார்ப்பாள். பேசுகிற அப்பாவை அவள் அங்கேதான் கடைசியாகப் பார்த்திருந்தாள். அவளுக்கு இரண்டு வயது முடிந்தும் ஒரு சொல் வரவில்லை. தெருவில் அத்தனை பேர் அவள் முகத்துக்கு நேரே பேசியும் வரவில்லை. ஊமை என்று பெயர் வைப்பதற்கு நாங்கள் தயாராகிக்கொண்டிருந்தபோதுதான் அந்தக் கல்யாணம் நடந்தது.

காசியம்மாள் சேதி சொன்ன நாளே திலகவதி கிளம்பவில்லை. மறுவீடு, விருந்தெல்லாம் முடியட்டும் என்று காத்திருந்தாள். பிறகு ஒரு நாள் ஜெயவேலையும் குழந்தையையும் கூட்டிக்கொண்டு கண்ணமங்கலத்துக்கு பஸ் ஏறினாள். புஷ்பலதாவின் மாமியார் சின்னம்மாளுக்கு அவர்களைப் பார்த்ததும் போன உயிர் வந்தது. "எடுத்துக்கினு போம்மா, புண்ணியமாப் போவும். புதுப் பொண்ணு பீரோவுல ஆம்பள கொரலு. ஊரு இன்னா பேசும்? ஒரே பேஜாராப் போச்சு" என்றாள். ஆனால் புஷ்பலதா புடவையை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றாள். தகப்பன் முகம் தெரியாமல் மாமன் வீட்டு வேலையில் வளர்ந்தவள் அவள்.

"குடுக்க மாட்டேன்க்கா. இந்த ஊட்டுக்கு வந்ததுலேந்து நான் துன்னனான்னு கேட்டது இது ஒண்ணுதான்."

"அது ஒன்ன கேக்கல. எம் பொண்ண கேக்குது" என்றாள் திலகவதி.

"தெரியும். யாரைக் கேட்டா இன்னா? கேக்குது இல்ல?"

பேசிப் பழக்கமில்லாத திலகவதி குழந்தையை இடுப்பு மாற்றிக்கொண்டாள். அவள் இடுப்பிலிருந்த சுகன்யா புடவையின் பக்கம் காதைத் திருப்பி வைத்துக்கொண்டிருந்தாள். ஜெயவேல் இரண்டு பெண்களையும் மாறி மாறிப் பார்த்தான். பிறகு விரல்களைக் கத்தரிபோல ஆட்டிக் காட்டினான். "ஐயையோ, கூறப்பொடவையில கத்திரி வெக்கலாமா? தாலிக்கு ஆவுமா?" என்று சின்னம்மாள் தலையில் கை வைத்தாள். அவன் கத்தரி வரும்வரை விரல்களை ஆட்டுவதை நிறுத்தவில்லை. எதை எங்கே சொன்னோம் என்று நெய்தவனுக்குத் தெரியும். புடவையைத் தரையில் விரித்து, உடலும் முந்தானையும் சேர்கிற கோட்டில் நேராக வெட்டினான். முந்தானையைப் புஷ்பலதா கையில் கொடுத்துவிட்டு, மற்றதைச் சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டான். தான் நெய்த பட்டைத் தானே வெட்டிய நெசவாளியை ஆரணியில் அதற்கு முன்பு நாங்கள் பார்த்ததில்லை. சேதி கேட்டதும் அவனுக்கு மனசு கல்லாகிவிட்டது என்று சொல்லிக்கொண்டோம்.

அந்தச் சிவப்புப் பட்டைத் தூளியாகக் கட்டினார்கள். ஆட்டினால் பேசியது. நிறுத்தினால் நின்றது. ஜெயவேல்தான் ஆட்டுவான், குழந்தை பார்க்காதபடி தலைப்பக்கம் உட்கார்ந்துகொண்டு, தன் பேச்சைத் தானே கேட்டுக்கொண்டு ஆட்டுவான். கார்த்திகை தீபத்தன்று, திலகவதி அவனுக்குக் குழாயில் கஞ்சி ஊற்றிக்கொண்டிருந்தபோது, சுகன்யா தூளியிலிருந்து இறங்கி வந்து எதிரே நின்றாள். இடுப்பில் கை வைத்துக்கொண்டு, அவனுடைய அதே இழுப்போடு, "பாப்பா, சோறு துன்னியா?" என்று கேட்டாள். வாய் போனபிறகு அவனிடம் அந்தக் கேள்வியைக் கேட்க எங்களில் ஒருவருக்கும் வாய் வந்திருக்கவில்லை. ஜெயவேல் தலையை ஆட்டினான். கஞ்சி புரையேறி மூக்கு வழியாக வந்துவிட்டது, திலகவதி துடைத்துவிட்டாள். அன்றிலிருந்து அவள் அப்பாவைப் பாப்பா என்றுதான் கூப்பிட்டாள். யாரும் திருத்தவில்லை.

அடுத்த வருஷம் கழுத்தில் கட்டி வந்தது. டாக்டர் அதைத் தொட்டுப் பார்க்கக்கூட இல்லை, வீட்டுக்கு அழைத்துப் போகச் சொன்னார். மாசி மாதத்தில் ஜெயவேல் செத்துப்போனான். பிணம் எடுக்கும்வரை தெருவில் யாரும் அடுப்பு மூட்டக்கூடாது என்பது எங்கள் வழக்கம். பங்காளிகள் தேவிகாபுரத்திலிருந்து வந்துசேர சாயங்காலம் ஆகிவிட்டது. உள்ளே யாரோ இடித்து இடித்துத் தூளி ஆடிக்கொண்டேயிருந்தது. பசித்த வயிற்றோடு வாசலில் நின்றிருந்த எங்களை அது நாள் முழுக்கச் சோறு துன்னியா, சோறு துன்னியா என்று கேட்டுக்கொண்டிருந்தது. இரண்டு மூன்று பேருக்குக் கோபம்கூட வந்தது.

திலகவதி தறியில் உட்கார்ந்தாள். சுகன்யாவைப் பள்ளியில் சேர்த்த அன்று தூளி "ஸ்கூலுக்குப் போசொல்ல அழாத" என்றது. அவள் அழாமல் போனாள், அழுதது திலகவதி. டீச்சர் திட்டினால் வந்து சொல்லு என்று அது சொன்னபடி, மாலையில் வந்து தூளிக்குள் தலையை விட்டு எல்லாவற்றையும் சொல்லுவாள். அது பதில் சொல்லாது. அதற்குத் தெரிந்ததைத்தான் அது சொல்லும்.

2005இல் ஒரு வெயில் மதியம், கையில் ஒரு பையோடு புஷ்பலதா எங்கள் தெருவுக்குள் வந்தாள். இடது கன்னம் வீங்கியிருந்தது. காசியம்மாள் வழியை மறித்துக்கொண்டு, "யாரும்மா நீ? இங்க யாரு ஊட்டுக்கு?" என்றாள். தெரியாதவளைப்போலத்தான் கேட்டாள், தெரிந்ததை வைத்து யார் பேச்சை ஆரம்பிப்பார்கள்?

"எங்க அப்பன் ஊட்டுக்கு."

"எந்த அப்பன்?"

புஷ்பலதா பையைத் திறந்து முந்தானையை எடுத்து உதறினாள். தெருவுக்கே கேட்டது: "மாமியா ஊட்ல கஷ்டம்னா யாரையும் ஒரு வார்த்த கேக்காத பாப்பா. ஜல்தியா பஸ் ஏறி வந்துடு. கதவு தொறந்துதான் கீது."

திலகவதி வாசலுக்கு வந்தாள். முந்தானையைப் பார்த்தாள், கன்னத்தைப் பார்த்தாள். அந்தப் பேச்சு தன் மகளுக்காகச் சேர்த்து வைத்தது என்பது அவளுக்குத் தெரியும். கதவை விட்டு ஒதுங்கி நின்று, "கை கழுவிக்கினு வா. சோறு ஆறுது" என்றாள்.

அந்த வீட்டில் இப்போது இரண்டு தறி ஓடுகிறது. இரண்டு துண்டுகளையும் யாரும் சேர்த்துத் தைக்கவில்லை. வெள்ளிக்கிழமைகளில் வாசல் கொடியில் பக்கத்தில் பக்கத்தில் காயப்போடுகிறார்கள். காற்றடித்தால் ஒன்று சாப்பாட்டைக் கேட்கும், ஒன்று பஸ் ஏறச் சொல்லும். அதனால் எங்கள் தெரு மாமியார்கள் வெள்ளிக்கிழமை மட்டும் மருமகளைக் கோயிலுக்குப் பின்தெரு வழியாகக் கூட்டிப்போகிறார்கள். சுற்றுதான், ஆனால் நிம்மதி. மற்றவர்கள் அந்த வாசல் வழியாகவே போகிறோம். அது கேட்டால், நடையை நிறுத்தாமல், "ஆச்சுப்பா, துன்னாச்சு" என்று சொல்லிவிட்டுப் போகிறோம்.