இடதுபக்கச் சாய்வு

சைக்கிளின் பின்சக்கரம் ஸ்டாண்டின் உருளைமேல் சுற்றிக்கொண்டே இருக்கிறது, நான் எங்கும் போகவில்லை, முழங்கைகளை முன்கம்பியில் ஊன்றி, தலையைத் தாழ்த்தி, காற்றே இல்லாத அறையில் காற்றைக் கிழிப்பவள் மாதிரி குனிந்திருக்கிறேன், வியர்வை மூக்கு நுனியிலிருந்து கீழே விரித்த துண்டில் சொட்டுகிறது, எனக்குப் பின்னால் சைக்கிள் கடைக்காரர் நந்தகோபால் கையைக் கட்டிக்கொண்டு சும்மா நின்று பார்க்கிறார். ஏதாவது செய்யுங்களேன் என்று கத்த வேண்டும்போல் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை போட்டி, நீந்தி, மிதித்து, ஓடி முடிக்க வேண்டிய போட்டி, வலது முழங்காலுக்குப் பின்னால் யாரோ நரம்பைப் பிடித்து இழுக்கிறார்கள், சைக்கிளைச் சர்வீஸுக்கு விட்டபோதே சொன்னேன், சீட்டைக் கொஞ்சம் ஏற்றியோ இறக்கியோ கொடுங்கள் போதும் என்று, இவரோ செயினைக் கழற்றிக் கழுவி, பிரேக் கம்பியை மாற்றி, கடைசியில் சீட்டைத் தடவிப் பார்த்துவிட்டு, ஏனுங்க்கா, இடதுபக்கம் மட்டும் இப்படித் தேஞ்சு கெடக்குது, ஏறி உக்காருங்க பாக்கலாம் என்றார். ஏறினேன். அதிலிருந்து மிதிக்கிறேன்.

நேராத்தானே உக்காந்திருக்கேன் என்றால் சிரிக்கிறார், வந்த ஒடனே எல்லாரும் நேராத்தானுங்க உக்காருவாங்க, கல்யாண போட்டோவுக்கு உக்கார்ற மாதிரி, நீங்க மறக்கோணும், மறந்தாத்தான் ஒடம்பு அதும்பாட்டுக்கு உக்காரும், ஏதாச்சும் பேசுங்க. எனக்குப் பேச ஒன்றுமில்லை, வீட்டுக்குப் போக வேண்டும், மாலையில் ஓட வேண்டும். காத்தால என்ன சாப்ட்டீங்க என்கிறார். உப்புமா. வூட்டுல யாரு யாரு. நான், வீட்டுக்காரர், மகள் தாரிணி, ஏழாவது படிக்கிறாள், பிறக்கும்போதே முதுகுத்தண்டில் குறை, கால் இரண்டும் அசையாது, நாங்கள் இருப்பது இரண்டாவது மாடி, லிஃப்ட் கிடையாது, கீழ்வீடு பார்க்கலாம் என்று அவர் வருஷா வருஷம் சொல்வார், நான் பார்த்துக்கொள்கிறேன் என்று நானும் வருஷா வருஷம் சொல்வேன், பள்ளிக்கூட வேன் வந்து ஹாரன் அடிக்கும், அவளை இடுப்பில் தூக்கி வைத்துக்கொண்டு இறங்குவேன், அவள் கை என் கழுத்தில், அவள் மூச்சு என் காதில், அம்மா உன் மேல குளோரின் நாத்தம் என்பாள், விடிகாலையில் நீந்திவிட்டு வந்த வாடை, சாயங்காலம் மறுபடி ஏறுவேன், ஏறுகிறேன், படி வளைகிறது, நான் சைக்கிள் மிதித்துப் பழகும் ஆனைகட்டி மலைரோடும் அப்படித்தான் வளையும், மூங்கில் சாய்ந்த திருப்பத்தில் மூச்சு முட்டும், போன வாரம் கனவில் அந்த ரோட்டில் அவளை இடுப்பில் வைத்தபடியே மிதித்துக்கொண்டிருந்தேன், வேகமாப் போம்மா என்றாள், வேகமாகப் போனேன், திரும்பிப் பார்த்தால் அவள் இல்லை, கனவில் எனக்கு முதலில் வந்தது பயமில்லை, அப்பாடா என்றிருந்தது.

தாரிணியைத் தூக்குவதைச் சொன்னேன், கனவை நந்தகோபாலிடம் சொல்லவில்லை. யாரிடமும் சொன்னதில்லை. உடம்பு நல்லா இருக்கணும்னுதான் சைக்கிள் ஓட்டுறேன் என்று கேட்பவர்களிடமெல்லாம் சொல்கிறேன், பச்சைப் பொய், அவளை விட்டு ஓடத்தான் ஓட்டுகிறேன், அந்த ரோட்டில் என்மேல் யாருமில்லை, எனக்கு அது அவ்வளவு பிடிக்கிறது, திரும்பி வரும்போது எங்கள் தெருமுனையைக் கண்டதும் மிதிப்பதை நிறுத்திவிடுகிறேன், அவளைப் பார்த்ததும் எல்லாம் மறந்துபோய் வாரி எடுத்துக்கொள்கிறேன், மறுநாள் மறுபடி ஓடுகிறேன்.

போதுங்க்கா, நிறுத்துங்க. இறங்கினேன், பின்சுவரில் மாட்டிய கேமரா எடுத்திருந்ததைக் கம்ப்யூட்டரில் ஓட்டிக் காட்டினார். யாரோ ஒருத்தியின் முதுகு. முதலில் விறைப்பாக இருக்கிறது, பிறகு மெல்ல மெல்ல இடது இடுப்பு வெளியே தள்ளுகிறது, வலது தோள் இறங்குகிறது, வலது கால் எட்டாத பெடலை எட்டி எட்டிப் பிடிக்கிறது. ஒரு பிள்ளையைத் தூக்கிக்கொண்டிருக்கிறவளின் முதுகு அது, இடுப்பில்தான் யாருமில்லை. ரெண்டு வழி இருக்குதுங்க, என்றார் நந்தகோபால், உங்க சாய்வுக்குத் தக்கன சீட்டைத் திருப்பி, வலது ஷூவுக்கடியில ஒரு தகடு வெச்சுத் தாறேன், ஞாயித்துக்கெழமை ஓட்டிப்போடலாம், ஆனா சாய்வு அப்படியே நின்னுபோயிரும், இல்லீன்னா நேரா வெச்சுப்போடலாம், மாசக்கணக்குல வலிக்கும், போட்டி கெடையாது, பாப்பாவையும் இடுப்புல தூக்கக்கூடாது. தூக்காம எப்படிங்க என்று கேட்டேன். அவர் ஸ்பேனரைத் துடைத்தார். சாய்வுக்கே வைங்க என்று வாயைத் திறந்தேன், அப்போதுதான் போன் அடித்தது.

அம்மா, நா கீழ கேட்டுகிட்ட உக்காந்திருக்கறேன். குரலில் மூச்சு வாங்குகிறது. அப்பா தூக்கிட்டு வந்தாரா என்றேன். இல்ல, நானே, படியில உக்காந்து உக்காந்து, கைய ஊனி ஊனி, அப்பா பின்னாடியே வந்தாங்க, தொடக்கூடாதுன்னு சொல்லிட்டேன், டிரஸ்ஸெல்லாம் மண்ணு. எதுக்குடி, நான் வந்திருப்பேனே. நீ இல்லாதப்பத்தாம்மா முடியும், நீ இருந்தா தூக்கிருவே. மேல எப்படி ஏறுவே. அதையும் பாக்கறேன், நீ மெதுவா வா, என்று வைத்துவிட்டாள், அவள் குரலில் இருந்தது சந்தோஷம், நான் மலைரோட்டில் தனியாகப் போகும்போது எனக்கு வருகிற அதே சந்தோஷம், என்னை விட்டுப் போகிற சந்தோஷம்.

நேரா வைங்க என்றேன். போட்டி என்று இழுத்தார். வைங்க. அவர் சீட்டின் திருகாணியைத் தளர்த்தி, நடுவுக்குக் கொண்டுவந்து, முடுக்கினார், ஏறி உட்கார்ந்தேன், என் இடுப்பை இரு கையாலும் காற்றில் அளந்து காட்டி இன்னும் வலதுபக்கம் என்றார், வந்தேன், இன்னும் கொஞ்சம், வந்தேன், இப்பச் சரியா இருக்குதுங்க. எனக்குச் சரியாக இல்லை, வலதுபக்கம் சரிந்து விழப்போகிறேன் என்றுதான் உடம்பு கூவியது, இடது இடுப்பு குளிர்ந்து கிடந்தது, அழுகை வந்தது, அழுதேன், அவர் ஜன்னல்பக்கம் போய் நின்றுகொண்டார். பிறகு அவர் சொல்லாமலே மிதிக்க ஆரம்பித்தேன்.