சாம்பல் தின்னிகள்

நர்மதா ஏழாம் வகுப்பில் எழுதிய கதையிலிருந்து ஒரு விண்கலம், புதன்கிழமை காலை, எண்ணூரில் கருவாடு காயவைக்கும் மணலில் வந்து இறங்கியது. உள்ளிருந்து முழங்கால் உயரத்தில், மூன்று கால்களோடு ஒரு கூட்டம் வெளியே வந்தது. காற்றில் மாசு அளக்க வந்த அதிகாரிகள் என்று நினைத்து ஊரார் நாற்காலி போட்டு டீ கொடுத்தார்கள். வந்தவர்கள் டீயைத் தொடாமல் கூரைகளில் ஏறி, அனல்மின் நிலையத்திலிருந்து வந்து படிந்த சாம்பலை நக்கத் தொடங்கியபோதுதான் அதிகாரிகள் இல்லை என்று தெரிந்தது. அதோடு மரியாதையும் போயிற்று. விண்கலத்தின் மேல்தளம் தட்டையாகவும் சூடாகவும் இருந்ததால், மதியத்துக்குள் பெண்கள் அதன்மேல் நெத்திலி பரப்பிவிட்டார்கள்.

கதையிலும் அவை சாம்பல் தின்பவைதான். தங்கள் கிரகத்தில் சாப்பாடு தீர்ந்ததும் வானமெல்லாம் தேடி, எண்ணூரின் புகைபோக்கிகளைக் கண்டு மகிழ்ந்து இறங்குகின்றன. அந்த வாரம் ஊரில் சாம்பல் படியவில்லை; நர்மதாவின் அம்மா புஷ்பவல்லி மீனை ஒரே தடவை அலசிக் காயவைத்தாள். தம்பி எழிலன் மூச்சிழுப்பு இல்லாமல் தெருவில் ஓடினான்.

கதையை நர்மதா சிறுவர் அறிவியல் புனைகதைப் போட்டிக்கும் அனுப்பியிருந்தாள். நடுவர் ராமசுப்பு நெடுங்காலமாகக் குழந்தைகளுக்கு எழுதுபவர். குழந்தைகளைச் சந்திக்கும் வழக்கம் இல்லாதவர். போனில் பாராட்டினார். ஒரு சின்னத் திருத்தம் மட்டும் கேட்டார். சாம்பல் தின்பது நல்ல பழக்கமல்ல, பால் குடிக்கட்டும். முடிவில் ஒரு நீதியும் இருக்கட்டும். திருத்தினால் கதை புத்தகத்தில் வரும். நர்மதா தன் பெயரை அச்சில் பார்த்ததில்லை. திருத்தி அனுப்பினாள்.

மறுநாள் காலை அவை பால் பூத்தில் வரிசையாக நின்றன. குடித்து முடித்து, பால் மீசையோடு தெருப்பிள்ளைகளை மறித்து, பல் துலக்கியாயிற்றா என்று விசாரித்தன. நெத்திலியின்மேல் சாம்பல் படிந்தது. எழிலனுக்கு மறுபடி இழுத்தது.

“இன்னாடி பண்ணி வச்சிகீற? செவனேன்னு சாம்பல துன்னுகினு கெடந்ததுங்க” என்றாள் புஷ்பவல்லி.

“பூத்துல ஒரு பாக்கெட்டு பால் இல்ல, பிளாக் டீ போட்டுகினு கீறேன்” என்றார் டீக்கடை பக்ருதீன். “கதையில எனக்கு ஒரு மாடாவது எழுதிக் குடும்மா.”

“புஸ்தகத்துல போடுறேன்னாரும்மா” என்றாள் நர்மதா.

“புஸ்தகத்த வச்சி இவன் மூச்சு வுடுவானா?”

நர்மதா எழிலனைப் பார்த்தாள். பாலை அடித்தாள், நீதியை அடித்தாள், சாம்பலை மறுபடி எழுதினாள். பேனாவை மூடுவதற்குள் கூரையில் நக்கும் சத்தம் கேட்டது.

மறுபடி மாற்றி அனுப்பிய கதையைப் படித்து ராமசுப்பு வருத்தப்பட்டார். எண்ணூரில் சாம்பல் விழுவது நடப்பதுதானே, இதில் கற்பனை எங்கே இருக்கிறது என்றார். பரிசு, செவ்வாய் கிரகத்துக்குப் போய் அங்குள்ளவர்களுக்குக் கைகழுவக் கற்றுக்கொடுத்த முயலுக்குக் கிடைத்தது.

அந்தப் புத்தகம் நர்மதாவின் பள்ளிக்கு இலவசமாக வந்தது. சாம்பல் தின்னிகளில் ஒன்று அதை முகர்ந்து பார்த்துவிட்டு, எரிந்தபிறகு வருகிறேன் என்பதுபோல் நகர்ந்துகொண்டது.

இப்போது அவற்றை யாரும் நின்று பார்ப்பதில்லை. பெரும்பாலானவற்றுக்குத் தொப்பை விழுந்துவிட்டது. காய்கிற நெத்திலியை மிதித்தால் மட்டும் புஷ்பவல்லி துடைப்பத்தை எடுக்கிறாள்.