ஆண்டவரில் ஒரு டவர்

ஈஸ்டருக்கு முந்தைய லெந்து நோன்பு நாட்கள் தொடங்கியபோது எங்கள் வீட்டில் ஆளுக்கு ஒன்றை விட வேண்டியிருந்தது. அப்பா டீயை விட்டார். அம்மா சீரியலை விட்டாள். என்னை வாயை விடச் சொன்னார்கள்.

காரணம் இருந்தது. காலேஜ் ஆண்டு விழாவில் நன்றியுரை என்னுடையது. "ஒன்றரை மணி நேரம் பேசியும் எதையும் சொல்லிவிடாத சிறப்பு விருந்தினருக்கு நன்றி" என்றேன். ஒரு வாரம் சஸ்பெண்ட்.

"ஒரேடியா மூடிக்கினு இருக்க வேணாண்டா இம்மானுவேல்," என்றாள் அம்மா. "யாரு இன்னா கேட்டாலும், 'ஆண்டவரே, நான் இன்னா பேசட்டும்'னு உள்ளுக்குள்ள ஒருதரம் கேளு. அவரு சொல்றத காது குடுத்துக் கேட்டுட்டு அப்பால வாயத் தொற."

ஆண்டவருக்கு ஐந்து செகண்ட் ஒதுக்கினேன். ஒரு ஜோக் சாவதற்கு அது தாராளமான நேரம். நாலே நாளில் என் தொண்டையில் முப்பது பிணம். கால் தானாக ஆடியது. நகமெல்லாம் தீர்ந்து போனது. பஸ்ஸில் சீட் கிடைத்தும் உட்கார முடியவில்லை. ஆண்டவர் மட்டும் நிம்மதியாகச் சும்மா இருந்தார்.

அந்த மாதம்தான் கும்மிடிப்பூண்டி சிப்காட்டில், காருக்குத் தகடு அடிக்கும் கம்பெனியில், எனக்கு பி.காம். ப்ராஜெக்ட். எந்த மெஷினில் எத்தனை தகடு விழுந்தது என்று எழுத வேண்டும். முடிவில் சூப்பர்வைசர் பரசுராமன் கையெழுத்துப் போட்டால்தான் மார்க். தகடு அடிக்கும் மெஷின்களில் நாலாம் நம்பர் பிரஸ்ஸில் நின்றவன் ஜெகன். எங்கள் தெருக்காரன், கான்ட்ராக்ட் ஆள். என் விரதம் அவனுக்கும் தெரியும்.

"தண்ணி வேணுமாடா?" என்பான்.

நான் உள்ளே கேட்டுக்கொண்டிருப்பேன்.

"தண்ணிக்குமாடா பர்மிஷன்? ஆண்டவர்ன்ற பேர்லயே ஒரு டவர் கீது. அப்பகூட சிக்னல் இல்லியா உனக்கு?"

நல்ல பதிலாக ஒன்று என்னிடம் தயாராக இருந்தது. ஐந்தாவது செகண்டில் அவன் பாட்டிலோடு போய்விட்டான்.

பிரஸ்ஸுக்கு முன்னால் ஒரு கம்பிக் கதவு உண்டு. அதை மூடினால்தான் பிரஸ் இறங்கும். கதவின் சுவிட்சைக் கம்பியால் இழுத்துக் கட்டிவிட்டால், திறந்திருக்கும்போதே இறங்கும். வேலை வேகமாக நடக்கும், விரலுக்குத்தான் உத்தரவாதம் இல்லை. வெள்ளிக்கிழமை பதினோரு மணிக்குப் பரசுராமன் வந்து, "கட்றா, டார்கெட்டு நிக்குது," என்றார். ஜெகன் கட்டினான். நான் பக்கத்தில் நின்று எண்ணிக்கை எழுதிக்கொண்டிருந்தேன்.

சனிக்கிழமை காலை பிரஸ் ஜெகனின் கையுறையில் இரண்டு விரலைத் தின்றது. நிஜ விரல்களை அவன் எப்படி உருவிக்கொண்டான் என்று அவனுக்கே தெரியவில்லை.

பத்து மணிக்கு மேனேஜர் ஜோதிலட்சுமியின் கேபினில் விசாரணை.

"அவனே கட்டிக்கினான் மேடம்," என்றார் பரசுராமன். "இந்த மாதிரி ஆளு நமக்கு வேணாம். இன்னியோட அனுப்பிடலாம்."

"அய்யோ, சார்தான் மேடம் கட்டச் சொன்னாரு," என்றான் ஜெகன்.

மேடம் என் பக்கம் திரும்பினார். "நீ அங்கதான இருந்த? கட்டச் சொன்னது யாரு?"

ஆண்டவரே, நான் இன்னா பேசட்டும்?

ஐந்து செகண்ட் போனது. ஏ.சி.யிலிருந்து ஒரு பக்கெட்டில் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. திரும்பவும் கேட்டேன். கேள்வியைக் கொஞ்சம் மாற்றிப் போட்டுக் கேட்டேன். ப்ராஜெக்ட் ஃபைலில் விழவேண்டிய கையெழுத்தைப் பற்றியும், தெரியாதவருக்குச் சொல்வதுபோல, அவருக்கு ஞாபகப்படுத்தினேன். சொட்டு, சொட்டு. என் கால் மேஜையை உதைத்துக்கொண்டிருந்தது.

"பாத்தீங்களா மேடம்?" என்றார் பரசுராமன். "லொடலொடன்னு பேசுற பையன். அவனுக்கே வாய் வரலன்னா இன்னா அர்த்தம்?"

மேடம் பேனாவைத் திறந்தார்.

நான் எதற்காகச் சும்மா இருக்கிறேன் என்பது அந்த அறையில் ஜெகனுக்கு மட்டும்தான் தெரியும். முதலில் பொறுமையாகத்தான் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு பார்ப்பதை விட்டுவிட்டு, கிழிந்த கையுறையின் ஓட்டைக்குள் விரலை விட்டு விட்டு எடுத்தான்.

"பரசுராமன் சார்தான் மேடம் கட்டச் சொன்னாரு," என்றேன். "நேத்து பதினோரு மணிக்கு. டார்கெட்டு நிக்குதுன்னு சொன்னாரு. நான் பக்கத்துலயே இருந்தேன்."

என் வாயிலிருந்து ஜோக் இல்லாமல் வெளியே வந்த முதல் நாலு வாக்கியம். எனக்கே யாரோ பேசியது போலிருந்தது.

"இத கேட்ட ஒடனே சொல்றதுக்கு இன்னா?" என்றார் மேடம்.

"கேட்டுக்கினு இருந்தேன் மேடம்."

"யார?"

அதற்கும் ஐந்து செகண்ட் ஆனது. அவர் காத்திருக்கவில்லை. எழுந்து எங்களைக் கூட்டிக்கொண்டு போய், நாலாம் நம்பரில் கம்பியை வெட்டச் சொன்னார். மற்ற பிரஸ்களையும் பார்த்தார். இரண்டாம் நம்பரிலும் ஆறாம் நம்பரிலும் அதே கம்பி. பரசுராமனை மட்டும் திரும்பக் கேபினுக்கு வரச்சொன்னார். ஜெகன் வேலைக்குப் போனான்.

சாயங்காலம் என் ஃபைல் திரும்பி வந்தது. கையெழுத்துக்கான இடம் சுத்தமாக இருந்தது.

பஸ் ஸ்டாப்பில் ஜெகன் என் முதுகில் ஒன்று வைத்தான். "எத்தினி நேரம்டா! என் உசுரே போயி வந்துச்சு. உங்காளு லைன்ல வர அவ்ளோ லேட்டா?"

வழக்கம்போல ஐந்து செகண்ட் எடுத்துக்கொண்டேன்.

"அவரு மொத செகண்ட்லயே சொல்லிட்டாருடா. நான்தான் வேற எதனா சொல்லுவாரான்னு வெயிட் பண்ணிக்கினு இருந்தேன்."